வண்டி வீட்டு விசேஷம்

மங்கையர்க்கரசிக்குக் கணக்கில் ஒரு ரூபாய் உதைத்தால் அன்றைக்குச் சோறு இறங்காது. காரைக்காலில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் இருபத்தாறு வருஷமாகக் கேஷியர். கள்ள நோட்டையும் கள்ளச் சிரிப்பையும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தபடியே கண்டுபிடித்துவிடுவாள். அப்படிப்பட்டவளைக் கொண்டுபோய்க் கோட்டுச்சேரி ஆஸ்பத்திரி வண்டி அறக்கட்டளைக்குப் பொருளாளராகப் போட்டார்கள். போட்டவர்களே இரண்டு வருஷம் அதை அனுபவித்தார்கள்.

அறக்கட்டளை என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். சொத்து என்று இருந்தது ஒரே ஒரு வேன். திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் விடியற்காலையில் கிளம்பி, நெடுங்காடு, வரிச்சிக்குடி, கிளிஞ்சல்மேடு என்று சுற்றிப் பதினோரு பேரை ஏற்றிக்கொண்டு காரைக்காலில் டயாலிசிஸுக்குக் கொண்டுபோய் விடும். நாலு மணி நேரம் படுத்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வெளுத்த முகத்தோடு வருகிறவர்களைத் திரும்ப வீட்டு வாசலில் இறக்கும். ஆஸ்பத்திரியில் காசு கிடையாது. போக வர ஆகிற ஆட்டோக் கூலிதான் ஏழைக் குடும்பத்தை உருக்கிவிடும். அந்தக் கூலியைப் பதினாலு வருஷமாக இந்த வண்டி மிச்சம் பிடித்துக் கொடுத்தது. நூற்று எழுபது வீட்டிலிருந்து மாதம் இருநூறு ரூபாய் சந்தா வரும். டீசல், டிரைவர் சஃபியுல்லா சம்பளம், டயர், இன்சூரன்ஸ் எல்லாம் சேர்ந்து மாதம் முப்பத்தெட்டாயிரம் போகும். நடுவில் விழுகிற பள்ளத்தைப் பிறந்தநாள், திவசம் என்று யாராவது கொடுத்து நிரப்புவார்கள்.

நிரப்பாவிட்டால்? இந்தக் கேள்வியை மங்கையர்க்கரசி வருவதற்கு முன்னால் யாரும் கேட்டதில்லை. அவள் வந்த அன்றே கேட்டாள். ஆறு மாதச் செலவுக்கான பணம் சேமநிதியாக வங்கியில் தூங்க வேண்டும், அது தூங்கினால்தான் நாம் தூங்கலாம் என்றாள். அவள் பொறுப்பேற்றபோது அறுபத்தோராயிரம் இருந்தது. கமிட்டிக் கூட்டத்து டீயை நிறுத்தினாள், ஆண்டுவிழா சால்வையை நிறுத்தினாள், டயருக்கு சஃபியுல்லாவை மூன்று கடையில் விலை விசாரிக்கவிட்டுப் பில் வாங்கினாள். இரண்டு வருஷத்தில் ஒரு லட்சத்து நாற்பத்தெட்டாயிரம் ஆக்கிவிட்டாள். முதுகுக்குப் பின்னால் அவளுக்கு 'கையிருப்பு' என்று பெயர் வைத்தார்கள். அவள் அதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டாள்.

அவள் நிறுத்தியதிலேயே பெரியது மொய்.

செயலாளர் தெட்சிணாமூர்த்திக்கு எழுபத்தோரு வயது. முப்பது வருஷம் பஸ் கண்டக்டராக இருந்ததால் பெயர் மறைந்து 'கண்டக்டர்' ஆகிவிட்டார். வண்டியை ஆரம்பித்தவரே அவர்தான். எந்தத் தெருவில் எந்த வீட்டில் யாருக்கு என்ன உடம்பு என்று அவருக்குத் தெரியும். எந்த வீட்டில் என்றைக்குக் கல்யாணம் என்பதும் தெரியும். பத்திரிகை வந்தால் தட்டமாட்டார். போவார், பந்தியில் உட்காருவார், வரும்போது மொய் எழுதுவார். அதுவும் தன் பெயரில் இல்லை. 'ஆஸ்பத்திரி வண்டி, கோட்டுச்சேரி' என்று எழுதுவார். முதலில் ஐம்பத்தொன்று, பிறகு நூற்றொன்று, பிறகு இருநூற்றொன்று. பணம் அறக்கட்டளைப் பணம்.

பழைய கணக்கைப் புரட்டி இதைக் கண்டுபிடித்த அன்றைக்கு மங்கையர்க்கரசிக்கு ரத்தம் கொதித்தது. பன்னிரண்டு வருஷத்தில் அறுநூற்று நாற்பது மொய், எண்பத்தெட்டாயிரத்துச் சொச்சம். நோயாளி வண்டிக்கு ஊரார் கொடுத்த காசை ஊரார் வீட்டுக் கல்யாணத்திலேயே கொண்டுபோய்க் கொட்டுவதாவது! ஆடிட்டரும் இது முறையான செலவே இல்லை என்று சொல்லிவிட்டார். கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் அவள் கேட்டுவிட்டாள்.

"ஏண்ணே, அத்தன பந்தியிலயும் வண்டி உக்காந்து சாப்பிட்டுச்சா, நீங்க சாப்பிட்டீங்களா?"

கண்டக்டர் தீர்மானப் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "சரிங்க தங்கச்சி, நிறுத்திடுவோம்" என்றார். தீர்மானம் எழுதி அவரே முதலில் கையெழுத்துப் போட்டார். வாக்குவாதம் செய்திருந்தாலாவது அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

இந்த வருஷம் ஆடி முடிகிற சமயத்தில், ஒரு வெள்ளிக்கிழமை, ஆட்களோடு திரும்பி வந்த வண்டி தலத்தெரு திரும்பும் இடத்தில் நின்றது. சஃபியுல்லா போன் செய்தபோது மங்கையர்க்கரசி வீடு இருநூறு அடி தூரத்தில்தான். ஓடிப் போய்ப் பார்த்தாள். இன்ஜினிலிருந்து கறுப்பாக எண்ணெய் வழிந்து ரோட்டில் தேங்கியிருந்தது. பதினோரு பேரும் வெயிலுக்கு ஒரு கடை நிழலில் ஒண்டிக்கொண்டு நின்றார்கள். அதில் செல்லம்மாவும் ஒருத்தி. வரிச்சிக்குடிக்காரி, முப்பத்தாறு வயது, நடவு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவள். ஊசி போட்ட கையை முந்தானையில் சுற்றிக்கொண்டு, "வண்டிக்கும் என்னய மாதிரி ஆயிப்போச்சாக்கா?" என்று கேட்டுச் சிரித்தாள். மங்கையர்க்கரசிக்குச் சிரிப்பு வரவில்லை.

மெக்கானிக் இரண்டு நாள் பார்த்துவிட்டு, இன்ஜினைத் திரும்பக் கட்ட ஒன்றே முக்கால் லட்சம் ஆகும், கட்டினாலும் எத்தனை நாள் ஓடும் என்று நான் சொல்லமாட்டேன் என்று கையைத் துடைத்துக்கொண்டான். நாகப்பட்டினத்தில் நல்ல நிலையில் ஒரு பழைய வேன் நாலு லட்சத்து இருபதாயிரத்துக்கு இருந்தது. அதுவரைக்கும் ஐந்து ஆட்டோ பேசினார்கள். பதினோரு பேரும் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்களா என்ன, நாலைந்து ஊரில் சிதறிக் கிடக்கிறவர்கள். வருகிற சந்தா போக மாதம் நாற்பத்தொன்பதாயிரம் துண்டு விழுந்தது.

கணக்கைப் போட்டுப் பார்த்தாள் மங்கையர்க்கரசி. அவள் பார்த்துப் பார்த்துச் சேர்த்த சேமநிதி மூன்றே மாதம் தாங்கும். அதற்கப்புறம் அந்தப் பதினோரு பேரும் அவரவர் வழியைப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். ஒரு தடவை தவறினால் உடம்பு வீங்கும், இரண்டு தடவை தவறினால் மூச்சு முட்டும். அதற்கு மேல் அவள் நினைத்துப் பார்க்கவில்லை. தெரிந்த கம்பெனிகளுக்கெல்லாம் கடிதம் போட்டாள். அடுத்த நிதியாண்டில் பார்க்கலாம் என்றார்கள். சந்தாக்காரர்கள் ஆளுக்கு நூறு இருநூறு கூட்டிக் கொடுத்தார்கள். நல்ல மனசுதான், ஆனால் வேன் வாங்கப் போதாது.

இந்தக் கவலையோடுதான் ஆவணி முதல் முகூர்த்தத்தில் முருகானந்தம் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனாள். நெடுங்காட்டில் பத்து மா நிலம் வைத்து விவசாயம் பண்ணுகிறவர், சங்கத்தில் பழைய மெம்பர். மூத்த பெண்ணுக்குக் கல்யாணமும் பேரனுக்குக் காதுகுத்தும் முன்பே நடத்தியவர். இது கடைசிப் பெண். மொய் எழுத நம்பிக்கையான கை வேண்டும் என்று மங்கையர்க்கரசியைக் கேட்டுக்கொண்டிருந்தார். காலையிலிருந்து நானூறு பேர் எழுதினார்கள், ஒரு ரூபாய் உதைக்கவில்லை. மதியம் சாப்பிடப் போகும்போது முருகானந்தத்தின் மச்சானை உட்கார்த்திவிட்டுப் போனாள். இருபது நிமிஷம்தான். திரும்பி வந்து நோட்டைப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

'ஆஸ்பத்திரி வண்டி, கோட்டுச்சேரி – ரூ. 101.'

திருட்டுப் பூனை! அவள் எழுந்து சாப்பிடப் போகும்வரை கண்டக்டர் எங்கேயோ தூண் மறைவில் நின்றிருக்கிறார். தீர்மானம் போட்டு இரண்டு வருஷம் ஆகிறது, செக் புத்தகம் அவளிடம், ரொக்கப் பெட்டிச் சாவி அவளிடம். அறக்கட்டளைப் பணத்திலிருந்து ஒரு பைசா இதற்குப் போகவில்லை என்று அவளால் சத்தியம் பண்ண முடியும். அப்படியென்றால் இந்த நூற்றொன்று எங்கிருந்து வந்தது? கோபம் பாதியில் நின்று, அவளுக்கு வேறு மாதிரி ஏதோ செய்தது. கண்டக்டருக்கு மாதம் பதினெட்டாயிரம் பென்ஷன்.

பக்கத்தில் வந்து நோட்டை எட்டிப் பார்த்த முருகானந்தம் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"இந்தா, இன்னைக்கும் எழுதிட்டாரா? மூத்தவ கல்யாணத்துக்கு நூத்தியொண்ணு, பேரன் காதுகுத்துக்கு இருநூத்தியொண்ணு, இப்ப இது. மூணு தடவ வாங்கிட்டேன், ஒரு தடவகூடத் திருப்பிச் செய்யல. அந்த வண்டிக்கு ஒரு கல்யாணம் உண்டா, காதுகுத்து உண்டா, நான் எங்கங்க போயி எழுதுறது?"

"சந்தா குடுக்குறீங்களே" என்றாள் மங்கையர்க்கரசி.

"அது வேறங்க, மொய் வேற. சந்தா நானாக் குடுக்குறது. மொய் நான் செய்ய வேண்டியது. செய்யாம இருக்குறது தொண்டையில முள்ளு மாதிரி நிக்குது. எனக்கு மட்டுமில்ல, இந்தச் சுத்துப்பட்டுல கேட்டுப் பாருங்க, எத்தன வீட்ல நிக்குதுன்னு."

மங்கையர்க்கரசி அன்றைக்கு மொய்ப் பணத்தை இரண்டு முறை எண்ணினாள். கவனம் அங்கே இல்லை.

மாலையில் நேராகக் கண்டக்டர் வீட்டுக்குப் போனாள். அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் மறுபடி எடுத்து அவசரமாகப் போட்டுக்கொண்டார். பொத்தான் மாறிவிட்டது. அவள் கையை நீட்டி, மொய் எழுதிய நோட்டைக் கேட்டாள். மூன்று நோட்டு இருந்தது. எந்த ஊர், யார் வீடு, என்ன விசேஷம், எவ்வளவு என்று பஸ் டிரிப் ஷீட் எழுதுகிற பழக்கத்தில் கோடு போட்டு எழுதியிருந்தார். அவள் தடை போட்ட தேதிக்கு நேரே ஒரு சின்னக் கோடு. கோட்டுக்குக் கீழேயும் வரிசை நிற்காமல் ஓடியது. தொகை மட்டும் இருநூற்றொன்றிலிருந்து நூற்றொன்றுக்கு இறங்கியிருந்தது.

தன் காசு என்பதால் குறைத்திருக்கிறார். அதைப் பார்த்ததும் மங்கையர்க்கரசிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. பந்தியில் வண்டி உட்கார்ந்து சாப்பிட்டதா என்று கேட்ட வாயை என்ன செய்வது!

"ஏண்ணே இப்புடிப் பண்ணுனீங்க?"

"என்ன தங்கச்சி பண்றது. அவங்க வீட்டு நல்லதுக்கு எட்டிப் பாக்காம, மாசம் பொறந்தா இருநூறு குடுங்கன்னு போயி நிக்க எனக்கு வாய் வரல. நான் வேற எதயும் நெனச்சுச் செய்யலம்மா. சாப்பாடும் நல்லாத்தான் இருந்துச்சு" என்று சொல்லிவிட்டுக் கண்டக்டர் தலையைச் சொறிந்தார்.

அவள் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு எழுநூற்றுச் சொச்சம் பெயர்களையும் விரலால் தடவிக்கொண்டே வந்தாள். கேஷியர் மூளை அதற்குள் வேலையை ஆரம்பித்துவிட்டது. பதினாலு வருஷத்துக்கு முன்னால் எழுதிய ஐம்பத்தொன்று இன்றைக்கு ஐம்பத்தொன்றாகத் திரும்பி வராது. வாங்கியதை அப்படியே திருப்பித் தருகிற வீட்டை இந்தப் பக்கத்தில் மனுஷனாகவே மதிக்கமாட்டார்கள். மேலே போட்டுத்தான் செய்வார்கள்.

"மன்னிச்சுக்குங்கண்ணே. நான் இத செலவுல எழுதிட்டேன். இது செலவு இல்ல, சேமநிதி. ஊரு பூரா போட்டு வச்சிருக்கீங்க" என்றாள்.

ஆனால் போட்டு வைத்ததை எடுப்பது எப்படி? மொய்யைக் கேட்டு வாங்க முடியாது. கேட்டால் அசிங்கம். பத்திரிகை வைக்கலாம், அவ்வளவுதான். பத்திரிகை வைத்தால் விருந்து வைக்க வேண்டும். கை நனைக்காதவனிடம் மொய் வாங்குவது பிச்சை என்று கண்டக்டர் அடித்துச் சொல்லிவிட்டார்.

ஐந்நூறு பேருக்குச் சாப்பாடு, பந்தல், பத்திரிகை எல்லாம் எழுபத்து நாலாயிரம். ஆட்டோக்காரர்களுக்கு ஒரு மாதம் கொடுத்தது போக விசேஷத்துக்கு மறுநாள் கையில் இருபத்தைந்தாயிரம்தான் இருக்கும். பதினைந்து நாள். ஊரார் வராவிட்டால் பதினாறாவது நாள் செல்லம்மா எப்படிப் போவாள்? சேமநிதியைத் தொடவே விடாதவள், அதில் பாதியை வாழை இலையில் போடச் சொல்லி எந்த வாயால் சொல்வது? கமிட்டியில் ஐந்து பேர். இரண்டு பேர் சரி என்றார்கள், இரண்டு பேர் வேண்டாம் என்றார்கள், எல்லோரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள். "வைப்போம்" என்றாள். ஒரே ஒரு நிபந்தனை: எழுதுகிற ஒவ்வொரு மொய்க்கும் அறக்கட்டளை ரசீது உண்டு. மொய்க்கு ரசீதா என்று கண்டக்டர் பதறிப்போனார். கடைசியில், அன்றைக்கு நோட்டு மட்டும், ரசீது பிறகு வீடு தேடிப் போகும் என்று சமாதானம் ஆனார்கள்.

பத்திரிகை நன்றாகவே அமைந்தது. 'எங்கள் ஆஸ்பத்திரி வண்டி பதினாலு வருஷம் உழைத்து ஓய்வு பெறுவதாலும், அதன் தம்பி பொறுப்பேற்க இருப்பதாலும்' என்று கண்டக்டர் எழுதினார். பெண் வீடும் இல்லை, மாப்பிள்ளை வீடும் இல்லை. 'தங்கள் வரவை எதிர்நோக்கும்' என்ற இடத்தில் கமிட்டியின் ஐந்து பெயரும் சஃபியுல்லா பெயரும் போட்டார்கள். கண்டக்டரும் சஃபியுல்லாவும் வெற்றிலை பாக்கோடு வீடு வீடாகப் போய் வைத்தார்கள். கிளிஞ்சல்மேட்டிலிருந்து நெடுங்காடு வரை ஒரு வீடு விடவில்லை.

நாள் பார்த்ததுதான் கோளாறு. நாளைக் கண்டக்டர் பொறுப்பில் விட்டிருந்தார்கள். அவரோ வண்டிக்கு நடக்கிற முதல் விசேஷமாயிற்றே என்று பஞ்சாங்கத்தைக் கரைத்துக் குடித்து, ஆவணியின் கடைசி முகூர்த்த ஞாயிறைப் பொறுக்கினார். அப்படியொரு நாள் இந்த வருஷத்திலேயே கிடையாதாம். எந்த மண்டபமும் கிடைக்கவில்லை. அப்போதாவது யாருக்காவது புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. முருகானந்தம் தன் களத்தைக் கொடுத்தார், பந்தல் போட்டார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்குப் பந்தலில் சமையல்காரர்கள் இருந்தார்கள், கமிட்டி இருந்தது, இரண்டு நாய் இருந்தது. பத்து மணிக்கு டயாலிசிஸ் ஆட்களின் வீட்டார் பதினேழு பேர் வந்தார்கள். மங்கையர்க்கரசி மொய் மேஜையில் புது நோட்டை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காற்றில் முதல் பக்கம் தானாகப் புரண்டது. பத்தரைக்கு, நாயனச் சத்தத்தோடு ஒரு கல்யாண வேன் ரோட்டில் நிற்காமல் போனது. பின்னாலேயே இன்னொன்று.

கண்டக்டர் மெதுவாகச் சட்டைப் பையிலிருந்து நாலு பத்திரிகையை எடுத்து மேஜைமேல் வைத்தார். நாலும் அன்றைய தேதி. "தங்கச்சி, எனக்கே இன்னைக்கு நாலு கல்யாணம். நம்ம விசேஷத்துக்கு அலஞ்சதுல தேதியவே பாக்கல" என்றார். குரல் எழும்பவில்லை.

அவளுக்கு விளங்கிவிட்டது. மறுநாள் புரட்டாசி பிறக்கிறது. புரட்டாசியில் யாரும் கல்யாணம் வைக்கமாட்டார்கள். மிச்சமிருந்த கல்யாணம் அத்தனையும் அந்த ஒரே நாளில் விழுந்திருந்தது. பதினோரு பேருடைய உயிரை எடுத்துக்கொண்டுபோய் நல்ல நாள் பார்த்து வைத்திருக்கிறார் மனுஷன். வாய் வரை வந்ததை அவள் விழுங்கிக்கொண்டாள். ஒரு தடவை இவரை எல்லோர் முன்னாலும் கேட்டு அவள் பட்டது போதும். "உக்காருங்கண்ணே" என்று பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டாள். இரண்டு பேரும் காலி ரோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இருபத்தைந்தாயிரம், பதினைந்து நாள் என்று அவள் மனசுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

பதினொன்றரைக்கு ரோட்டு முனையில் நின்ற சஃபியுல்லா கையை ஆட்டினான்.

முதலில் ஒரு பைக். அப்புறம் ஒரு கார். அப்புறம் ஒரு டிராக்டர் நிறையப் பட்டுப்புடவை. எல்லோர் கையிலும் வேறு வேறு கல்யாணத்துத் தாம்பூலப் பை, நெற்றியில் வேறு வேறு வீட்டுச் சந்தனம். தாலி கட்டி முடித்து, பந்தி முடித்து, இனி இங்கே என்று வந்துகொண்டே இருந்தார்கள். ஒருவருக்கும் பசி இல்லை. "சாப்பாடெல்லாம் ஆச்சுங்க, எழுதிட்டுப் போலாம்னு வந்தோம்" என்று நேராக மேஜைக்கு வந்தவர்களைக் கண்டக்டர் விடவில்லை. குறுக்கே நின்று ஆளுக்கொரு டம்ளர் பாயசத்தைக் கையில் திணித்து, குடித்த பிறகுதான் நகர விட்டார்.

மங்கையர்க்கரசி நிமிரவே நேரமில்லை. ஐந்நூற்றொன்று, ஆயிரத்தொன்று, ஐந்நூற்றொன்று. முருகானந்தம் ஐயாயிரத்தொன்று எழுதிவிட்டு, தொண்டையைத் தடவிக்காட்டிச் சிரித்தார். கிளிஞ்சல்மேட்டிலிருந்து வந்த ஒருவர் தெரு முழுவதற்கும் சேர்த்து இருபத்திரண்டு கவர் கொண்டுவந்தார். ஒரு அம்மாள், பத்து வருஷத்துக்கு முன்னால் தன் மகன் கல்யாணத்தில் வாங்கிய ஐம்பத்தொன்றுக்கு இரண்டாயிரத்தொன்று எழுதினாள். கூட இருந்த மருமகள் வாயைப் பிளந்தாள். "உன் கல்யாணத்துக்கு வந்த மொய்தான், பேசாம இரு" என்றாள் மாமியார். இடையில் மங்கையர்க்கரசி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தூசி என்று யாரிடமும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

மூன்று மணிக்குக் கூட்டம் வடிந்தது. நானூற்று முப்பது வீடு. நாலு லட்சத்து எழுபத்தோராயிரத்து இருநூற்றைம்பத்தொன்று. இரண்டு முறை எண்ணினாள், உதைக்கவில்லை. சமைத்த சோறு பாதிக்கு மேல் அண்டாவிலேயே இருந்தது. சஃபியுல்லா அதைப் பொட்டலம் கட்டி ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்குத் துணையிருப்பவர்களுக்குக் கொடுக்க ஏற்பாடு செய்துகொண்டிருந்தான். வேன் வாங்கலாம். வாங்கிய பிறகு சேமநிதியில் எழுபத்தாறாயிரம் நிற்கும், சரியாக இரண்டு மாதச் செலவு. அவள் கேட்ட ஆறு மாதம் இல்லைதான். கேஷியர் மனசு அந்த இடத்தில் கொஞ்சம் முனகியது.

நோட்டை மூடப் போனபோது செல்லம்மா வந்தாள். ஏழாவது படிக்கிற மகள் ஓவியா கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள். காலையிலிருந்து பந்தலில்தான் இருந்தார்கள். செல்லம்மா கசங்கிய ஒரு நூறு ரூபாய் நோட்டையும் ஒரு ரூபாய்க் காசையும் மேஜைமேல் வைத்தாள்.

மங்கையர்க்கரசி அதைத் திருப்பித் தள்ளினாள். "என்ன செல்லம்மா இது? உங்க வீட்ல விசேஷம்னு ஒண்ணு நடந்ததே இல்லியே. நாங்க உனக்கு ஒரு ரூவா எழுதலியேம்மா. நீ என்னத்தத் திருப்பிச் செய்யுற?"

"திருப்பிச் செய்யலக்கா. நான் முதல்ல எழுதுறேன். நீங்கதான் திருப்பிச் செய்யணும்." செல்லம்மா மகளின் தலையில் கை வைத்தாள். "இவ கல்யாணத்துக்கு வண்டி வந்து எழுதணும். இவ படிக்கணும், வேலக்குப் போவணும், அப்பறந்தான் கல்யாணம். பன்னெண்டு பதிமூணு வருசமாவது ஆவும். அதுவரைக்கும் வண்டி ஓடணும்ல. அதுல நானும் ஏறி எறங்கணும்ல. எழுதுங்கக்கா."

கல்யாணப் பேச்சைக் கேட்டு ஓவியா முகத்தைச் சுளித்துக்கொண்டு அம்மாவின் முதுகுக்குப் பின்னால் போய்விட்டாள்.

இந்தப் பணத்தை வாங்க மறுத்தால் என்ன சொன்னதாக ஆகும் என்று மங்கையர்க்கரசிக்குப் புரிந்தது. நூறு ரூபாயையும் ஒரு ரூபாயையும் எடுத்துப் பெட்டியில் போட்டாள். நோட்டில் நானூற்று முப்பத்தோராவது வரியில் எழுதினாள்: 'வரிச்சிக்குடி, செல்லம்மா – ரூ. 101.' கண்டக்டர் பாயச டம்ளரோடு வந்து நின்றார். செல்லம்மா தண்ணீரையே அளந்துதான் குடிக்க வேண்டும் என்பது நினைவு வந்து, அதை வைத்துவிட்டு ஒரு கரண்டியில் எடுத்துக்கொண்டு வந்தார். அவள் அந்த ஒரு கரண்டியைக் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டாள்.

அவர்கள் போன பிறகு மங்கையர்க்கரசி கைப்பையிலிருந்து சொந்தப் பணம் ஐந்நூறு ரூபாயை எடுத்து ஒரு கவரில் போட்டு, மேலே 'மொய்க்கு' என்று எழுதிக் கண்டக்டரிடம் கொடுத்தாள். அறக்கட்டளைப் பணத்தில் கிடையாது, ஆடிட்டர் விடமாட்டார். கமிட்டியில் ஆளுக்கு இவ்வளவு என்று மாதாமாதம் போட்டுக்கொள்வோம், இனிமேல் பந்திக்கு நானும் வருவேன் என்றாள். கண்டக்டர் கவரை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சட்டைப் பையில் வைத்தார்.

"அடுத்து யார் வீட்டுக்குங்க தங்கச்சி?"

அவள் நோட்டின் கடைசி வரியைக் காட்டினாள். "அது இருக்கட்டும். இத மொதல்ல குறிச்சு வைங்க. ஓவியா கல்யாணம், பதிமூணு வருசம்."

கண்டக்டர் தன் நோட்டை எடுத்து, கோடு போட்டு, குறித்துக்கொண்டார்.